அப்பாவுக்கு அடியில் இருந்த நாற்காலி

எனக்குப் புத்தி வர வேண்டும் என்பதற்காக டிக்கெட் எடுத்த ஒரே மனிதர் என் அப்பாதான். வீட்டில் மற்றவர்கள் எல்லாரும் இருந்த இடத்திலிருந்தே திட்டிப் பார்த்துவிட்டுக் கைகழுவிவிட்டார்கள்.

எழுபதுகளின் கடைசி அது. விருதுநகரில் அப்பாவுக்கு மிளகாய் வற்றல் மண்டி. எனக்குப் பதின்மூன்று வயது. வாய்க்கு மட்டும் முப்பது. அந்தக் கோடை விடுமுறையில், எனக்கென்று தனியாக ஒரு பீரோ வேண்டும், அதன் கதவில் ஆளுயரக் கண்ணாடி இருக்க வேண்டும், அதுவரை சாப்பிட மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். முழுப் பட்டினி என்று சொல்ல முடியாது. அடுக்களையில் ஆள் இல்லாத நேரம் பார்த்துக் காராச்சேவு டின்னுக்குள் கை போகும். ஆனால் தட்டு முன்னால் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அம்மா கெஞ்சினாள், அதட்டினாள், கடைசியில் எக்கேடும் கெட்டுப் போ என்று விட்டுவிட்டாள். அப்பா மட்டும் யோசித்தார். அவர் யோசிக்க ஆரம்பித்தால் நாங்கள் எல்லாரும் மெல்ல நழுவப் பார்ப்போம்.

"இல்லாதவங்க எப்படி இருக்காங்கன்னு இவ கண்ணால பாக்கணும். அப்பத்தான் சோத்தோட அருமை தெரியும்," என்றார்.

சுக்கும் மிளகும் வாங்க அப்பா அடிக்கடி கொச்சியில் மட்டாஞ்சேரிக்குப் போவார். அங்கே அவருக்கு ஒரு தங்கை முறை உண்டு, சித்தப்பா மகள். எனக்கு அத்தை. அத்தையின் கணவர் மூட்டை தூக்குகிறவர். அத்தை அங்கேயே கொச்சங்காடியில், சரக்கு அடுக்கிவைக்கிற ஒரு கிட்டங்கியில் சுக்குச் சுத்தம் செய்யும் வேலைக்குப் போவாள். கிட்டங்கியின் பின்பக்கம் ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் கிடந்த ஒற்றை அறை வீடுகளில் ஒன்றில் குடியிருந்தார்கள். அப்பா இதுவரை அந்த வீட்டுக்குள் போனதில்லை. வாசலில் நின்றபடியே சேவுப் பொட்டலத்தைக் கொடுத்து, நலம் விசாரித்துவிட்டு லாட்ஜுக்குத் திரும்பிவிடுவார். இந்த முறை லாட்ஜ் வேண்டாம், தங்கச்சி வீட்டிலேயே தரையில் படுத்து, அவர்கள் குடிக்கிற கஞ்சியைக் குடித்து எனக்குப் பாடம் சொல்லித் தருவதாகத் திட்டம். வருகிறோம் என்று ஒரு கார்டு போட்டுவிட்டார். எங்கள் வீட்டுப் பழைய துணிகளை ஒரு மூட்டையாகக் கட்டி, அதையும் எடுத்துக்கொண்டார்.

கார்டு போட்டதுதான் தப்பாகிப் போனது.

பஸ் மாறி பஸ் மாறி எர்ணாகுளம் போய், அங்கிருந்து போட்டில் ஏறி மட்டாஞ்சேரியில் இறங்கினோம். போட்டில் வரும்போதே அப்பா என் மனதைப் பக்குவப்படுத்திக்கொண்டு வந்தார். "அங்க போய் அது இல்ல இது இல்லன்னு மூஞ்சியத் தூக்கக் கூடாது. அவங்ககிட்ட ஒண்ணும் இருக்காது. புரியுதா?" நானும் உள்ளூர ஒரு பயத்தோடுதான் போனேன்.

அத்தை வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பா அப்படியே நின்றுவிட்டார். அறை நடுவில் பிரம்பு பின்னிய, கை வைத்த நாற்காலி ஒன்று பளபளவென்று கிடந்தது. அதற்குப் பின்பக்கமாக மேசை விசிறி, அதுவும் தலையைத் திருப்பித் திருப்பி ஓடுகிற ரகம். பலகைக் கட்டிலின் மேல் மயில் படம் போட்ட வெளிநாட்டுப் போர்வை. ஆணியில் சுவர்க் கடிகாரம். அத்தை சாயா கொண்டுவந்தது பூப்போட்ட பீங்கான் கோப்பையில். கோப்பைக்கு அடியில் சாஸர் வேறு. எங்கள் வீட்டில் மேசை விசிறி கிடையாது. போர்வையில் மயிலும் கிடையாது.

நான் அப்பாவைப் பார்த்தேன். சாம்பிள் ஒன்று, வந்த சரக்கு வேறொன்று என்றால் மண்டியில் அவர் முகம் எப்படிப் போகுமோ அப்படிப் போயிருந்தது.

"நல்லாத்தான் இருக்கே, தங்கச்சி," என்றார். மனதாரச் சொன்ன மாதிரி இல்லை.

"அண்ணே கசேரல இரிங்க," என்றாள் அத்தை. அங்கே நாற்காலிக்குக் கசேர என்றுதான் பெயர்.

அப்பா திட்டப்படி தரையில் உட்காரப் பார்த்தார். அத்தை பதறிப்போனாள். "அய்யோ, அண்ணன் தரையிலயா? பாக்கிறவங்க எந்தா சொல்வாங்க?" தங்கை போட்ட ஆசனத்தை மறுக்கக் கூடாது என்பது அப்பாவின் மரியாதை. வேறு வழியில்லாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு ஓரத்தில் பிரம்பு விட்டுப்போய் அவரைக் குத்திக்கொண்டிருந்தது. அவர் நெளிவதை நான் பார்த்தேன். அத்தைக்கு அவர் சாய்ந்து வசதியாக இருப்பதாகத் தோன்றியிருக்கும்.

அதற்குப் பிறகு அவருடைய பாடம் ஒவ்வொன்றாகக் கவிழ்ந்தது. கஞ்சி வரும் என்று காத்திருந்தார். வறுத்த மத்தி மீனும், கப்பை என்று அவர்கள் சொல்கிற வேகவைத்த மரவள்ளிக்கிழங்கும், காந்தாரி மிளகாய் அரைத்த சம்மந்தியும் வந்தன. வீட்டில் தட்டைத் தள்ளிவைத்த நான், இங்கே அத்தை மகளோடு போட்டி போட்டுக்கொண்டு சாப்பிட்டேன். மூன்றாவது முறை கப்பை கேட்டபோது அப்பா என்னை முறைத்தார். பசியின் கொடுமையைக் காட்டக் கூட்டிவந்த பெண் ஏப்பம் விட்டால் எந்தத் தகப்பனுக்குத்தான் பொறுக்கும்?

பழைய துணி மூட்டையை அவரால் அவிழ்க்கவே முடியவில்லை. மயில் போர்வைக்கு முன்னால் அதை எப்படி நீட்டுவது? கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். மறுநாள் அவர் சுக்கு பார்க்கப் போயிருந்த நேரத்தில் அத்தை அதைக் கண்டுபிடித்து, பயணத்தில் அழுக்கான எங்கள் துணி என்று நினைத்துக்கொண்டாள். தெருக்குழாயில் நூல் மாதிரி தண்ணீர் வருகிற கோடை. குடத்தை வரிசையில் வைத்துக் காத்திருந்து, அத்தனை துணியையும் துவைத்து, கஞ்சி போட்டு, மடித்து அப்பாவின் கையில் கொடுத்தாள்.

"அண்ணி எல்லாத்தையும் உடுத்துத் தேய்ச்சாச்சு போல. சிலதுல கிழிசல் உண்டு. நான் தைச்சு வச்சிருக்கேன், கேட்டோ," என்றாள்.

அப்பா துணிகளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார். நாங்கள் வந்த நாளிலிருந்தே அது ஓடவில்லை.

எனக்கு உண்மையை உடைத்தது அத்தை மகள். என் வயதுதான், என்னைவிடக் கெட்டிக்காரி. மலையாளத்தில் கடகடவென்று படிப்பாள். தமிழ் வாயோடு சரி. ஒருநாள் நான் நாற்காலியில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, "உங்க வீட்டு நாற்காலி நல்லாருக்கு," என்றேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"எங்க வீட்டு கசேரயா? அது கோடி வீட்டுத் தையல்காரரோடது. ஃபேன் சாயாக்கடைச் சேட்டனோடது. போர்வை பெர்ஷ்யாவுக்குச் சம்பாதிக்கப் போன ஆளோட பெண்டாட்டி தந்தது. கப் பக்கத்து வீட்டுது."

"கடிகாரம்?"

"அது யாரோடதுன்னு யாருக்கும் ஓர்மையில்ல. ஓடவும் செய்யாது. விருந்துக்காரங்க வந்தா மாட்டணும், அவ்வளவுதான்."

அந்த வீட்டு வரிசையில் அது வழக்கம். எந்த வீட்டுக்கு விருந்து வருகிறதோ அந்த வீட்டுக்கு இந்தச் சாமான்கள் எல்லாம் போய்ச் சேர்ந்துவிடும். யாரும் போய்க் கேட்க வேண்டியதில்லை. ஆள் வருகிற செய்தி தெரிந்தால், தையல்காரர் தானே நாற்காலியைத் தோளில் வைத்துக்கொண்டு வந்து போட்டுவிட்டு, தன் தையல் மெஷினுக்கு முன்னால் ஒரு டின்னைக் கவிழ்த்து உட்கார்ந்துகொள்வார். விருந்தாளி போனதும் சாமான்கள் அவரவர் வீட்டுக்குத் திரும்பும். இதை இரவல் என்று சொன்னால் அங்கே கோபம் வரும். விருந்தாளியிடம் இதைச் சொல்லிவிடக் கூடாது என்பதும் விதி. அத்தை மகள் என்னிடம் சொன்னதே பெரிய குற்றம்; என் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

அப்பாவிடம் சொல்லாமல் அதைக் காப்பாற்றுவதற்குள் எனக்கு நாக்கு அரித்துத் தீர்ந்தது.

நாங்கள் சனிக்கிழமை கிளம்பியிருக்க வேண்டும். அப்பா பேசிவைத்த சுக்கு வந்து சேரவில்லை. திங்கட்கிழமைதான் வரும் என்று ஆள் வந்து சொல்லிப் போனான். "ரெண்டு நாள் கூட இருக்கோம்," என்று அப்பா சொன்னபோது, "அதுக்கென்ன அண்ணே!" என்றுதான் அத்தை சொன்னாள். ஆனால் சொல்வதற்கு முன் ஒரு கணம் தயங்கினாள். ஏன் என்பது எனக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் தெரிந்தது.

பக்கத்து வீட்டில் ஒரு அக்கா இருந்தாள். அப்பா இல்லாத பெண். அவளுடைய அம்மாவும் என் அத்தையும் ஒரே கிட்டங்கியில்தான் வேலை. அன்று சாயங்காலம் அந்த அக்காவைப் பெண் பார்க்க இடப்பள்ளிப் பக்கமிருந்து வருகிறார்கள். கொத்தனார் வேலை செய்கிற பையன், நல்ல குடும்பம். எங்கள் ஊர்ப்பக்கத்திலிருந்து எந்தக் காலத்திலோ குடிபோனவர்கள். அக்காவுக்கு ஏற்கெனவே ஒரு இடம் வந்து கெட்டிருந்தது. சுள்ளிக்கலில் இருந்து வந்தவர்கள் அவர்கள். அன்றைக்கு நாற்காலி வேறொரு வீட்டில், மகளின் பேறுகாலத்துக்கு வந்த சம்பந்தியம்மாவுக்கு அடியில் இருந்தது. மாப்பிள்ளையின் அப்பாவை ஒரு பெட்டியைக் கவிழ்த்துச் சாக்கு விரித்து உட்கார வைத்திருக்கிறார்கள். ஆணி வேட்டியைக் கிழித்துவிட்டது. சாயாவைத் தொடாமல் எழுந்து போனவர்கள், அப்புறம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவில்லை.

இப்போது அதே நாற்காலி என் அப்பாவுக்கு அடியில்.

வீட்டுப் பின்புறம் அத்தையும் அந்த அம்மாவும் கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்கள். நான் அடுக்கிவைத்த குடங்களுக்குப் பின்னால் பதுங்கிக் கேட்டேன்.

"நான் அண்ணன்ட்ட சொல்லட்டா?" என்றாள் அத்தை.

"வேண்டா. இருக்கிற விருந்துக்காரரை எழுப்பி விடறதா? அது பாவம். பாய் விரிச்சுக்கலாம்," என்றாள் அந்த அம்மா.

அத்தை மகள் என் கையைப் பிடித்து இழுத்தாள். "எடீ, உன் அப்பாவை எழுப்பு."

இங்கேதான் எனக்கு ஒரு விஷயம் புரிந்து சிரிப்பு வந்தது. அந்த நாற்காலியிலிருந்து எழுந்தால் போதும் என்று அப்பா நாலு நாளாகத் தவித்துக்கொண்டிருக்கிறார். அவர் எழுந்தால் போதும் என்று இந்த வரிசையே தவித்துக்கொண்டிருக்கிறது. இரண்டு பக்கமும் மரியாதை கழுத்தைப் பிடித்திருக்கிறது. இரண்டும் தெரிந்த ஒரே ஆள் நான். இப்படி ஒரு அதிகாரம் அதற்கு முன்பும் எனக்குக் கிடைத்ததில்லை, பின்பும் கிடைக்கவில்லை. சும்மா விட மனம் வருமா?

"உப்பிலிட்ட நெல்லிக்காய் வாங்கித் தருவியா?" என்றேன்.

"தரேன்."

"அன்னாசியும்?"

"தரேன், சவமே, போ!"

நான் உள்ளே போய் அப்பாவுக்கு எதிரே, வாசலுக்கு அவர் முதுகு வரும்படி இடம் பார்த்துப் பாய் விரித்து, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். முகத்தை முடிந்தவரை சோகமாக வைத்துக்கொண்டேன்.

"அப்பா, நான் இனிமே பீரோ கேக்க மாட்டேன்."

அப்பா நிமிர்ந்தார்.

"இல்லாதவங்க எப்படிக் கஷ்டப்படுறாங்கன்னு இப்பத்தான் புரியுது. தரையில உட்காந்து பாத்தாத்தான்ப்பா அது தெரியுது. நீங்களும் கீழ வாங்களேன். இங்க உட்காந்து எனக்குச் சொல்லுங்களேன்."

இத்தனை நாள் காத்திருந்த வார்த்தை அது. அப்பாவின் முகம் மலர்ந்த மலர்ச்சியை இப்போது நினைத்தாலும் எனக்கு அவர்மேல் பாவமாக இருக்கிறது. சாயாக் கோப்பையைக் கையில் பிடித்தபடியே இறங்கி, எனக்கு முன்னால் பாயில் உட்கார்ந்தார். முதுகை ஒரு முறை சுகமாகச் சொறிந்துகொண்டார்.

"கேட்டுக்கோ தாயி," என்று ஆரம்பித்தார். "இந்த உலகத்துல பாதிப் பேர் இல்லாமத்தான் வாழுறாங்க."

அவருக்குப் பின்னால் நாற்காலி சத்தமில்லாமல் எழுந்தது. அதற்குக் கீழே தையல்காரரின் கால்கள் தெரிந்தன.

"நமக்கு ஆண்டவன் குடுத்திருக்கான். அத மறந்துறக் கூடாது."

மயில் போர்வை கட்டிலிலிருந்து வழுக்கிக்கொண்டு போனது. நான் கண்ணை அசைக்காமல் அப்பாவையே பார்த்துத் தலையாட்டினேன்.

"இவங்கள்ட்ட இருக்கிறதே கொஞ்சம். அதையும்..." அவர் நிறுத்தினார். "என்ன, காத்து நின்னு போச்சு? கரண்டு போயிருச்சா?"

"ஆமாப்பா. ஏழைங்க வீட்ல அடிக்கடி போகும்போல."

"பாத்தியா? பாத்தியா? இதத்தான் சொல்றேன்!" என்று அப்பா தொடையில் தட்டினார்.

விசிறியோடு சாயாக்கடைச் சேட்டன் வாசலைத் தாண்டினார். கடிகாரம் ஆணியை விட்டு இறங்கியது. அத்தை மகள் வந்து, "மாமா, குடிச்சாச்சா?" என்று அப்பாவின் கையிலிருந்த கோப்பையையும் மிச்சச் சாயாவோடு வாங்கிக்கொண்டு போனாள்.

"என்ன இருக்கு இவங்ககிட்ட? சொல்லு பாப்போம், என்ன இருக்கு?" என்று கேட்டபடியே, கையை வீசி அறையைச் சுட்டிக்காட்டத் திரும்பினார் அப்பா.

அறையில் ஒன்றும் இல்லை. பாலிஷ் போன பலகைக் கட்டில், ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, நாலைந்து பாத்திரம், கொடியில் துணி, சுவரில் ஆணி.

அப்பாவின் கை அந்தரத்திலேயே நின்றது. அவர் என்னைப் பார்த்தார். நான் பாயில் கோரையைப் பிய்க்க ஆரம்பித்தேன். அத்தனை நேரம் அடக்கிவைத்திருந்த சிரிப்பு எங்கே போனது என்று எனக்கே தெரியவில்லை. அந்த வெறும் அறையைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

வாசலில் அத்தை நின்றாள். தலை குனிந்திருந்தது.

"அண்ணே, பக்கத்துல பொண்ணு பாக்க வராங்க. அந்தப் பிள்ளைக்கு அப்பன் இல்ல. ஆம்பளைன்னு முன்னால நிக்க நல்ல ஆளில்ல. நீங்க கொஞ்சம் வந்து இரிக்கணும். எனக்கு அண்ணன்னா அவளுக்கு மாமன்தானே?"

வெள்ளை வேட்டி, கைக்கடிகாரம், மோதிரம், மண்டி முதலாளியின் தொப்பை. நாற்காலி, விசிறி, கோப்பையோடு என் அப்பாவையும் அந்த வரிசை எடுத்துக்கொண்டது. அப்பா எழுந்து, முகம் கழுவி, திருநீறு பூசிக்கொண்டு அத்தைக்குப் பின்னால் போனார்.

இடப்பள்ளிக்காரர்கள் வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா நாற்காலியில் உட்கார்ந்து, கையைத் தடவிப் பார்த்து, "நல்ல கசேர," என்றார். மற்றவர்களுக்குக் கட்டிலில் மயில் போர்வை. அப்பா நாற்காலிக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்திருந்தார்.

"நீங்க பொண்ணுக்கு?" என்றார் வந்தவர்.

"மாமன்."

"மாமன் எந்தா தரையில இரிக்கிறீங்க?"

எனக்கு உயிரே போய்விட்டது. அப்பா பொய் சொல்லி நான் கேட்டதில்லை. வற்றலில் ஈரம் இருந்தால் ஈரம் என்று சொல்லிவிடுகிற மனிதர்.

"மூட்டுவலிங்க. நாற்காலியே ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு," என்றார், கண்ணைக்கூடச் சிமிட்டாமல். எனக்கு இந்த வாய் எங்கிருந்து வந்தது என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

பிரம்பு குத்தியதோ என்னவோ, வந்தவர் ஒரு முறை நெளிந்தார். ஆனால் சாயாவைக் குடித்தார். கோப்பை காலியாகிச் சாஸரில் உட்கார்ந்த சத்தம் கேட்டதும், கதவுக்குப் பின்னால் நின்ற அக்காவின் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "கல்யாணத்துக்கு மாமன் வருமல்லோ?" என்று அவர் கேட்க, "மாமன் இல்லாமக் கல்யாணமா?" என்றார் அப்பா. சொன்ன சொல்லுக்கு ஆவணியில் சேலையும் வெற்றிலைத்தட்டுமாக வந்து நின்றார் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அவர்கள் போனதும் சாமான்கள் மறுபடியும் அத்தை வீட்டுக்கு வந்தன. நாங்கள் இன்னும் விருந்தாளிகள்தானே. நாற்காலியை அந்த அக்காவே தூக்கிக்கொண்டு வந்தாள், தலையில் வைத்த பூ வாடுவதற்கு முன்பே. அப்பா அதில் உட்காரவில்லை. வாசலில் போய் நின்றுகொண்டார். அக்கா நாற்காலியை முந்தானையால் துடைத்துப் போட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முகமெல்லாம் சந்தோஷம். என்னிடம் ஏதாவது அன்பாகக் கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருக்கும்.

"உங்க வீட்டுக்கு விருந்துக்காரங்க வந்தா, கசேர யாரு தருவாங்க?" என்றாள்.

எங்கள் வீட்டில் எத்தனை நாற்காலி இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. எண்ணிப் பார்க்க வேண்டிய தேவையே வந்ததில்லை. ஒன்றின் மேல் துவைத்த துணி குவிந்து கிடக்கும். ஒன்றில் பூனை படுத்திருக்கும். யாராவது வந்தால் பூனையைத் தட்டிவிட்டால் தீர்ந்தது. எங்கள் வீட்டில் நாற்காலி இல்லாததால் எந்த அக்காவின் கல்யாணமும் நின்றதில்லை. யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல் எனக்குள் ஒரு நன்றி முட்டிக்கொண்டு நின்றது. கூடவே அவ்வளவு வெட்கமும்.

"எதிர்த்த வீட்ல," என்றேன்.

எதிர்த்த வீட்டுக்காரர்களோடு எங்களுக்குச் சாக்கடைத் தகராறு. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே பேச்சுவார்த்தை கிடையாது.

"கேக்காமயே தருவாங்களா?"

"ம். அவங்களே கொண்டுவந்து போட்டுருவாங்க."

அக்கா நிம்மதியாகத் தலையாட்டினாள். "அப்போ சரி," என்றாள். "இல்லாட்டி ரொம்ப கஷ்டமாக்கும்."